சிலெசன் உதைச்ச பாட்டில்

2014 வேர்ல்ட் கப் அப்போ எனக்கு நைட் ஷிஃப்ட். நெதர்லாந்து கோஸ்டாரிகா காலிறுதி, 120 நிமிஷம் ஓடியும் ஒரு கோல் இல்ல, பெனால்டிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கீப்பர் சிலெசனை வெளிய கூப்பிட்டு டிம் க்ருலை உள்ள விட்டாங்க. சிலெசன் கடுப்புல ஒரு பாட்டிலை எட்டி உதைச்சாரு. க்ருல் அஞ்சு கிக்குக்கும் சரியான பக்கமே பாய்ஞ்சு ரெண்டை தடுத்தாரு, 4-3, எல்லாரும் கோச் வான் ஹால் மூளைய கொண்டாடுறாங்க, எனக்கு அந்த பாட்டில்தான் கண்ணுலயே நின்னுச்சு.

ஏன்னா அதுக்கு முந்தின வேலைல என் இடத்துக்கு ஒருத்தனை ரெண்டு மாசமா ரெடி பண்ணிட்டு இருந்தாங்க, டீ கொண்டு வர்ற அண்ணனுக்குக்கூட தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

க்ருலுக்கு முன்னாடியே தெரியுமாம். சிலெசனுக்குதான் சொல்லல, கவனம் சிதறிடும்னு. அந்த டீம்ல கீப்பர்களை பாத்துக்கிட்டவர் ஃப்ரான்ஸ் ஹூக். யாருடா இவர்னு அன்னைக்குதான் தேட ஆரம்பிச்சேன். 1956ல ஹூர்ன்ல பொறந்தவர், வோலண்டம் கிளப்புக்கு மட்டுமே 1973ல இருந்து 85 வரைக்கும் கோல் காத்தவர். பெரிய ஸ்டார்லாம் இல்ல. ஆட்டத்தை விட்டதும், நெதர்லாந்தோட பழைய பெரிய ஸ்டார் க்ரைஃப் கோச்சா இருந்த அயாக்ஸ் கிளப்ல கீப்பர் கோச் ஆனாரு. க்ரைஃபுக்கு கோல் லைன்ல நின்னு பந்தை புடிச்சா மட்டும் பத்தாது, கீப்பரும் கால்ல பந்தை வாங்கி பாஸ் குடுக்கணும். 1992ல பேக் பாஸை, அதாவது சொந்த டீம் ஆளு கால்ல தள்ளிவிடுற பந்தை, கீப்பர் கையால எடுக்கக்கூடாதுன்னு ரூல் வந்தப்போ மத்த ஊர் கீப்பர்லாம் முழிச்சாங்க, அயாக்ஸுக்கு அது ஏற்கனவே பழகுன வேலை. அங்க வளந்த கீப்பர்தான் வான் டெர் சார், 1995 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல மிலன் அவர தாண்டி ஒரு கோல்கூட போட முடியல. அப்புறம் பார்சிலோனா, பேயர்ன், மான்செஸ்டர் யுனைடெட்னு வான் ஹால் போன பெரிய கிளப்புகளுக்கு ஹூக்கும் போனாரு.

கீப்பர்ல ரெண்டு வகைன்னு ஹூக் பிரிப்பாரு, ஷாட் வந்த பிறகு பாயிறவன், வர்றதுக்கு முன்னாடியே மோப்பம் புடிச்சு வெளிய வர்றவன். நான் முதல் வகை போல, ஹெச்ஆர் கூப்பிட்ட பிறகுதான் பாஞ்சேன்.

சரி, சொல்லாம விட்டது தப்பா? மேட்ச் ஜெயிக்கணும்னா சரின்னுதான் தோணுது, 120 நிமிஷமும் 'நம்மள எடுத்துருவாங்க'ன்னு நினைச்சுட்டே நின்னா எவன் ஒழுங்கா ஆடுவான். ஆனா நாலே நாள்ல செமிஃபைனல், அர்ஜென்டினா, மறுபடியும் பெனால்டி, மூணு மாத்து ஆளும் ஏற்கனவே தீர்ந்துபோச்சு. போன மேட்ச்ல நம்பி விடாத அதே சிலெசன்தான் நிக்கணும். ஒண்ணுகூட தடுக்கல, 4-2. அவர் மனசுல என்ன ஓடிருக்கும்னு இன்னும் யோசிப்பேன். 2022லயும் ஹூக் இருந்தாரு, அதுவரை நாட்டுக்காக ஒரு மேட்ச்கூட ஆடாத, ஆறு அடி எட்டு அங்குல நோப்பர்ட்னு ஒரு கீப்பரை நிறுத்துனாங்க, காலிறுதில அதே அர்ஜென்டினா, அதே பெனால்டி, 4-3 தோல்வி.

இப்போ என் கீழ நாலு பேர் வேலை பாக்குறாங்க. அதுல ஒருத்தனை அடுத்த மாசம் வேற புராஜெக்டுக்கு மாத்தப்போறோம், அவன் இடத்துக்கு வர்ற பொண்ணுகிட்ட பேசியாச்சு. அவன்கிட்ட இன்னும் சொல்லல, வெள்ளிக்கிழமை ரிலீஸ் இருக்கு.