அவள் சொல்லி முடிக்கட்டும்

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். நாம் சொல்வதெல்லாம் புரியும். நாக்கும் உதடும்தான் ஒத்துழைக்காது. வாய்க்குப் பதில் விரலால் தொட்டுக் காட்டிப் பேச, ஸ்பீச் தெரபிஸ்ட் படங்கள் ஒட்டிய ஒரு புத்தகத்தைக் கொடுத்தபோது, "இதைப் பழக்கினா வாய்ப்பேச்சு வராமலே போயிடுமே" என்று என் மாமியார் பயந்தார். இப்படி எதுவும் நடப்பதில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடுவதாகவே ஆய்வுகள் சொல்கின்றன.

சாப்பாடு, தண்ணீர், பாத்ரூம் என்றுதான் நான் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். தெரபிஸ்ட் 'இன்னும்', 'நிறுத்து', 'ஏன்', 'என்னுடையது' எல்லாவற்றையும் சேர்த்தார். பொருள்களின் பெயர் மட்டும் இருந்தால் கேட்டு வாங்கலாம், சண்டை போட முடியாதே! அப்புறம், நாங்களும் பேசப் பேசப் படங்களைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்றார். ரொம்ப நாள் அவள் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆங்கிலத்தில் சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் பேசுகிறார்கள். இப்படிப் படங்களைத் தொட்டுப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 15-ஐக்கூட எட்டுவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்த மௌனம் தாங்காது. அவள் விரல் ஒரு படத்துக்குப் போவதற்குள் மூன்று கேள்வி கேட்டுவிடுவார்கள், மூன்றும் ஆமாம்-இல்லை கேள்வி. அதற்குப் பெயர் பேச்சா, விசாரணையா?

ஒரு மாலை 'பாட்டி'யைத் தொட்டாள். "பாட்டியைக் கூப்பிடவா?" தலையசைப்பு, இல்லை. "பாட்டிகிட்டப் போகணுமா?" கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், கோபம். சரி என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். விரல் நடுங்கி நடுங்கி 'காது'க்குப் போனது. வெகுநேரம் கழித்து, 'உடைந்தது'. அப்போதுதான் பக்கத்து அறையில் டிவி அலறுவது என் மண்டையில் ஏறியது. "பாட்டியோட காது மெஷின் வேலை செய்யலையா?" என்று முழுசாகக் கேட்டதும் உடம்பு குலுங்கச் சிரித்தாள். பேட்டரி தீர்ந்திருந்தது. இப்படி அவள் சொற்களைக் கோத்து வாக்கியமாக்குவது என் வேலை. சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வது அவள் வேலை.

பிறகு, தொட்ட படத்தின் சொல்லை உரக்கச் சொல்லும் டேப்லெட் வந்தது. புத்தகம் என்றால் யாராவது பக்கத்தில் வந்து பார்க்க வேண்டும். இதில் குரல் இருப்பதால் அடுத்த அறையில் இருப்பவரையும் கூப்பிடலாம். முதல் நாளே அண்ணன் பெயரை அழுத்தி அழுத்தி அவனை ஒரு வழி பண்ணிவிட்டாள். படங்களின் இடத்தை மட்டும் நாங்கள் மாற்றுவதே இல்லை, விரலுக்கு வழி பழகியிருக்கிறது. வெயிலில் திரை தெரியாது, குளியலறைக்கும் எடுத்துப்போக முடியாது என்பதால் பழைய புத்தகமும் ஓய்வு பெறவில்லை.

சாயங்காலத்தில் கை சோர்ந்துவிடுவதால் இப்போது கண்பார்வையால் தேர்ந்தெடுக்கும் கருவியைப் பழகுகிறாள். சிரித்தால் கண் சுருங்கி கேமராவுக்கு அகப்படாமல் போகிறது. அண்ணன் வேண்டுமென்றே சிரிப்பு மூட்டுகிறான். 'நிறுத்து' சொல்ல அவள் புத்தகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.