கால் வீக்கத்துக்குக் காரணம் பிரஷர் மாத்திரை

எனக்குப் பிரஷருக்கு அம்லோடிபின் என்ற மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்கி, பிரஷர் போதுமான அளவு இறங்காததால் 10 ஆக்கினார்கள். பிரஷர் இறங்கியது, படி ஏறினால் வரும் நெஞ்சு இறுக்கமும் குறைந்தது. அதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை.

டோஸ் கூடிய சில வாரங்களில் இரண்டு கணுக்காலும் வீங்க ஆரம்பித்தன. காலையில் சரியாக இருக்கும். சாயங்காலம் விரலால் அழுத்தினால் குழி விழும். மருத்துவர் சீட்டிலிருந்து நிமிராமலே "உப்பைக் குறைங்க" என்று சொல்லி, நீர் பிரிய ஃப்யூரோசமைடு எழுதினார். கழிப்பறைக்கு நடந்ததுதான் மிச்சம், வீக்கம் அப்படியே இருந்தது. அடுத்து, சிறுநீரகமாக இருக்குமோ என்று கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, இதயமாக இருக்குமோ என்று எக்கோ ஸ்கேன். எல்லாம் நார்மல். பிறகு ஏன் வீங்குகிறது என்று கேட்டால் "வயசாகுதுல்ல" என்று பதில். பணம் கட்டிக் கேட்ட பதில் அது.

நான் விடாமல் போய் நின்றதால் அம்லோடிபினை நிறுத்திவிட்டு டில்டியாசெம் என்ற வேறொரு பிரஷர் மாத்திரை எழுதினார். நல்லவேளை, மருந்துக்கடைக்காரர் சீட்டு முழுவதையும் படிப்பவர். "மெட்டோப்ரோலால் ஏற்கெனவே போடுறீங்களே?" என்றார். இரண்டுமே இதயத்துடிப்பைக் குறைப்பவை, சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அவரே போன் போட்டுப் பேசினார், சீட்டு ரத்தானது. வேறு இடத்தில் காட்டுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

புது மருத்துவர் கேட்டது இரண்டே கேள்வி: டோஸை எப்போது கூட்டினார்கள், வீக்கம் எப்போது வந்தது? விஷயம் முடிந்தது. அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கும், சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. வரத்து கூடி வடிகால் பழையபடி இருப்பதால் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. உடம்பில் உப்பும் நீரும் தேங்கி வரும் வீக்கம் இல்லை என்பதால்தான் நீர் மாத்திரைக்கு மசியவில்லை. டோஸ் கூடக்கூட இது கூடும், பெண்களுக்கு இன்னும் அதிகமாக வரும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே போட்டிருக்கிறது!

அம்லோடிபினை அடியோடு நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. நெஞ்சு வலியையும் அதுதான் அடக்கி வைத்திருக்கிறது, நாமாக நிறுத்தினால் வலி திரும்பலாம். அதனால் மறுபடி 5 மில்லிகிராம், கூடவே டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை. அது சிரைப் பக்கத்தையும் கொஞ்சம் விரிப்பதால் வீக்கம் வடியுமாம், பிரஷரும் கட்டுக்குள் நிற்கும். பொட்டாசியமும் கிரியேட்டினினும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுநாளே கால் வற்றிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். எனக்கு மெதுவாகத்தான் வடிந்தது. செருப்பு வார் பழைய ஓட்டைக்கு வந்தபோது இருந்த நிம்மதி எக்கோ ரிப்போர்ட் பார்த்தபோதுகூட இல்லை.

இதே மாத்திரை போடுபவர்களுக்குச் சில விஷயங்கள். வலி வந்தபிறகு அம்லோடிபினை விழுங்கிப் பயனில்லை. அந்த நேரத்துக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின்தான், அதையும் உட்கார்ந்துகொண்டு வையுங்கள், தலை சுற்றும். கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் போடுகிறீர்கள் என்றால் அம்லோடிபினோடு அது 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, சொல்லி வையுங்கள். ஈறு தடித்தால் பல் மருத்துவரிடமும் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ மாத்திரை மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, புதுச் சீட்டிலும் ஃப்யூரோசமைடு அப்படியே தொடர்ந்திருந்தது. பழைய சீட்டைப் பார்த்து எழுதியவர் அதையும் சேர்த்து எழுதிவிட்டார். கையோடு உள்ளே போய் அதை அடித்து நீக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.