மெம்ஃபிஸில் ஒரு சரிந்த தரை

"இதுக்காகவா நானூறு மைல் வண்டி ஓட்டிட்டு வந்தேன்?" என்று அத்தான் கேட்டார். மெக்லெமோர் அவென்யூவில் காரை நிறுத்தி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஸ்டாக்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனியின் ஸ்டூடியோ இருந்த இடம் அது. கறுப்பின அமெரிக்கர்களின் சோல் பாட்டுக்குப் பேர்போனது. எதிரே பழைய சினிமா தியேட்டர் மாதிரி ஒரு முகப்பு, மேலே பெரிய எழுத்தில் 'சோல்ஸ்வில் யு.எஸ்.ஏ.' என்று பலகை, அக்கம்பக்கத்தில் சின்னச் சின்ன வீடுகள், காலி மனைகள். சுற்றுலா வந்த இடம் மாதிரியே இல்லை. அட்லாண்டாவிலிருந்து முந்தின நாள் கிளம்பி, பர்மிங்ஹாம் தாண்டி, எல்விஸ் பிறந்த டூப்பெலோவில் காபி மட்டும் குடித்துவிட்டு (அந்த வீட்டைப் பார்க்கணுமா என்று அத்தான் கேட்டார், வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்) இரவு மெம்ஃபிஸ் வந்து சேர்ந்திருந்தோம். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் பாட்டு என்றால் இளையராஜாவைத் தாண்டி எதையும் ஒப்புக்கொள்ளாத ஒரு சிவில் இன்ஜினியர்தான் எனக்கு வழித்துணை.

எனக்கு இந்தப் பைத்தியம் கல்லூரி விடுதியில் பிடித்தது. சீனியர் ஒருத்தி விட்டுப்போன கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க ஓட்டிஸ் ரெடிங். யார், என்ன, எந்த ஊர் ஒன்றும் தெரியாது. அழுகிறாரா, அதட்டுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு குரல், அதற்குப் பின்னால் ஒரு பெரிய கூடத்தில் யாரோ வாசிப்பது போன்ற ஓசை. அந்தக் கூடம்தான் மனசில் தங்கிவிட்டது. ஒரு நாள் அதைப் பார்க்க வேண்டும் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அந்தக் கூடத்தின், அதாவது ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவின் கதைக்கு வருகிறேன். ஜிம் ஸ்டூவர்ட் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே கிராமியப் பாணியில் ஃபிடில் வாசித்தவர். அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் வங்கி ஊழியர்தான். ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணம் இல்லை என்று தம்பி வந்து நின்றதும் அக்கா தன் வீட்டை அடமானம் வைத்தார். 1960இல் மூடிக்கிடந்த கேபிடல் தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். இரண்டு பேருடைய குடும்பப் பெயரிலிருந்தும் இரண்டிரண்டு எழுத்தை எடுத்து 1961இல் வைத்த பெயர்தான் ஸ்டாக்ஸ். நாற்காலிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். திரை இருந்த மேடையே கன்ட்ரோல் ரூம் ஆனது. இடைவேளையில் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் ஒரு ரெக்கார்டு கடை போட்டார். ஆனால் தியேட்டர் தரை சரிவாகத்தானே இருக்கும்? அதைச் சமப்படுத்தக் கையில் காசில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தச் சரிவில்தான் எல்லாம் நடந்தது.

எனக்கு எஸ்டெலின் கடைமேல் தனிப் பிரியம். தெருப் பையன்கள் வந்து எந்த ரெக்கார்டை வாங்குகிறார்கள், எதைக் கேட்டுவிட்டுத் திருப்பி வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்து உள்ளே போய்ச் சொல்வாராம். இன்று கம்பெனிகள் கோடி கோடியாகச் செலவழித்துச் செய்யும் வேலை, ஒரு அம்மா கல்லாவில் உட்கார்ந்தபடி செய்தது. அங்கே வந்து நின்ற பையன்களில் ஒருவர்தான் பக்கத்துத் தெருக்காரர் புக்கர் டி. ஜோன்ஸ். எதிரே இருந்த மளிகைக் கடையில் சாமான் பை கட்டிக்கொண்டிருந்த டேவிட் போர்ட்டர் பிற்பாடு ஐசக் ஹேய்ஸோடு சேர்ந்து சாம் அண்ட் டேவ் என்ற ஜோடிப் பாடகர்களுக்கு வரிசையாக ஹிட் பாட்டுகள் எழுதினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ஹோட்டலில் சேர்ந்து சாப்பிட முடியாத ஊரில், ஒரே அறையில் சேர்ந்து வாசித்தார்கள். ஸ்டாக்ஸின் சொந்த இசைக்குழு வாசித்த 'கிரீன் ஆனியன்ஸ்' 1962இல் வந்தபோது அந்தக் குழுவில் ஆர்கன் வாசித்த புக்கருக்கு வயசு பதினேழு.

அதே 1962இல் ஜார்ஜியாவிலிருந்து ஒரு கிதார்காரர் பதிவுக்கு வந்தார். அவரை ஓட்டிக்கொண்டு வந்த டிரைவர், தானும் பாடுவேன், ஒரு தடவை கேளுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் போனால் போகிறது என்று விட்டார்கள். அந்த டிரைவர்தான் ஓட்டிஸ். மூன்று வருஷம் கழித்து 'ஓட்டிஸ் ப்ளூ' ஆல்பத்தை ஜூலை 1965இல் ஏறக்குறைய ஒரே நாளில் பதிந்து முடித்தார்கள். நடுவில் ராத்திரி இசைக்குழுவினர் கிளப்பில் வாசிக்கப் போய்விட்டு, விடியுமுன் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். தூக்கமில்லாத ஒரு கூட்டம் வாசிப்பது அந்த ஆல்பத்தில் கேட்கும். எனக்கு எதுவுமே அதற்குப் பிறகுதான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நின்ற கட்டடம் அசல் இல்லை. 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சினில் மொனோனா ஏரியில் விமானம் விழுந்து ஓட்டிஸ் போனார், வயசு 26. அவரோடு பார்-கேஸ் குழுவின் நான்கு பையன்களும் போனார்கள். 'டாக் ஆஃப் த பே' பாட்டை அதற்குச் சில நாள் முன்னால்தான் பதிந்திருந்தார். கடைசியில் வரும் அந்த விசிலோடு 1968இல் அது முதலிடத்துக்குப் போனபோது கேட்க அவர் இல்லை. அதே சமயத்தில்தான் ஜிம் ஸ்டூவர்ட் விநியோக ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தது தெரிய வந்தது. அதுவரை பதிந்த பாட்டுகளின் மாஸ்டர்களெல்லாம் (மூல ஒலிநாடாக்கள்) அட்லாண்டிக் கம்பெனிக்குச் சொந்தம். அப்புறம் ஐசக் ஹேய்ஸால் ஒரு தடவை எழுந்தார்கள். 1975இல் திவால். 1989இல் கட்டடத்தையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். இப்போது இருப்பது அதே இடத்தில், அதே அளவில் மறுபடி கட்டி 2003இல் திறந்த அருங்காட்சியகம்.

அதனால் பெரிதாக எதுவும் எதிர்பார்க்காமல்தான் உள்ளே போனேன். மிசிசிப்பி கிராமத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த ஒரு மரத் தேவாலயம், ஐசக் ஹேய்ஸின் தங்க முலாம் பூசிய கெடிலாக் கார் (உள்ளே தரைக்கு ரோமக் கம்பளம், அத்தான் இதன் முன்னால் மட்டும் பத்து நிமிடம் நின்றார்), எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஸ்டூடியோ 'ஏ' என்று எழுதியிருந்த அறைக்குள் கால் வைத்ததும் உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தது. தரையையும் சரிவாகவே கட்டியிருக்கிறார்கள்.

அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த அத்தான் சட்டென்று நிமிர்ந்தார். முன்னும் பின்னும் நாலு தடவை நடந்தார். கூரையைப் பார்த்தார்.

"இங்க பாரு, தரையும் கூரையும் நேருக்கு நேரா இல்ல. சமமா இருந்தா சத்தம் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஒரே இடத்துல கும்முனு நிக்கும். இதுல சிதறிப் போயிடும். கூடமும் பெருசு. காசில்லாம விட்டதுதான் இவனுங்களுக்கு லக்கு."

"அத்தான், நீங்க சொல்றது கேசட்லயே எனக்குக் கேட்டுச்சு."

"கதை விடாத."

நான் 'இன் த மிட்நைட் அவர்' கதையைச் சொன்னேன். 1965இல் வில்சன் பிக்கெட் பாட வந்தபோது, நியூயார்க்கிலிருந்து வந்த தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர், அப்போது பையன்கள் ஆடிய ஒரு புது நடனத்தை அறைக்குள் வந்து தானே ஆடிக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் டிரம்மர் அல் ஜாக்சனும் கிதார் ஸ்டீவ் க்ராப்பரும் தாளத்தின் இரண்டாம் நான்காம் அடியை ஒரு மயிரிழை தாமதமாக்கி வாசித்தார்கள். அந்தத் தாமதம்தான் அந்தப் பாட்டின் உயிர். "ஆடினது ஒரு காரணமா இருக்கலாம். ஆனா இவ்வளவு பெரிய ஹால்ல சத்தம் போய்ட்டு வரவே நேரமாகுமில்ல," என்றார் அத்தான். நான் பதில் சொல்லவில்லை. நியாயமாகவே பட்டது.

மத்தியானம் யூனியன் அவென்யூவில் சன் ஸ்டூடியோ. இது அசல் அறை. சாம் ஃபிலிப்ஸ் 1950இல் தொடங்கியது, நம் வீட்டு ஹாலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வழிகாட்டி அங்கேயே ஸ்பீக்கரில் பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டினார். 1951இல் 'ராக்கெட் 88' பதிய ஐக் டர்னரின் குழு கிளார்க்ஸ்டேலிலிருந்து வந்தபோது வழியில் கிதார் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) அடிபட்டு உள்ளே ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. சாம் அதற்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே வாசிக்கச் சொன்னார். கோயில் கொடையில் கிழிந்த ஸ்பீக்கர் கரகரக்குமே, அந்தச் சத்தம். பின்னாளில் ராக் கிதார்காரர்கள் காசு கொடுத்து வாங்கிய சத்தமும் அதுதான்.

எனக்கு ஒரு மனக்குறை. எல்விஸ் நின்ற இடத்தில் ஒட்டிய குறிக்கு மேல் நின்று மைக்கோடு படம் எடுக்க அவ்வளவு தள்ளுமுள்ளு, ப்ளூஸ் பாடகர் ஹவுலின் வுல்ஃபைப் பற்றி மட்டும் இரண்டே நிமிடம். அவரும் 1951இல் இதே அறையில்தான் பாடினார். தொண்டைக்குள் ஜல்லியைக் கொட்டி அரைப்பது மாதிரிக் குரல். அவர் சிகாகோவுக்கு, செஸ் கம்பெனிக்குப் போனதைத்தான் தன் பெரிய இழப்பென்று சாம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எல்விஸின் ஒப்பந்தத்தையே வேறு கம்பெனிக்கு விற்ற மனிதர் சொன்னது இது.

திரும்பும் வழியில் லொரெய்ன் மோட்டல். ஸ்டாக்ஸ் ஆட்கள் தங்கிய இடம். 'மிட்நைட் அவர்' அங்கேதான் எழுதினார்கள். ஒரு இடி மழை ராத்திரியில் பாடகர் எடி ஃபிளாய்டும் க்ராப்பரும் 'நாக் ஆன் வுட்' எழுதியதும் அங்கேதான், அந்த இடியும் மின்னலும் பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. 306ஆம் அறை வாசலில் மலர் வளையம் தொங்குகிறது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டது அந்தப் பால்கனியில். நாங்கள் கீழே நின்றோம், அதிகம் பேசவில்லை.

ராத்திரி டூப்பெலோ தாண்டியதும் காரில் 'மிட்நைட் அவர்' போட்டேன். முடிந்தது. அத்தான் மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டபோது, பரவாயில்லையே, பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"பாட்டு கிடக்கட்டும். அந்த டிரம்காரன் ஹால்ல எந்த மூலையில உக்காந்திருந்தான்? மேட்டுலயா, பள்ளத்துலயா? நல்லா கேட்டுச் சொல்லு."