விடிவதற்குள் பொறுக்க வேண்டிய பூ

பங்குனி கடைசியில் மேலூர்ப் பக்கம் நண்பர் ஒருவரின் ஊருக்குப் போயிருந்தேன். கண்மாய்க்கரையில் இலுப்பைத் தோப்பு இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் வந்தால்தான் பூவைப் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்ததால் இருட்டோடு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட்டேன்.

தோப்பு என்று பெயர்தான், மிஞ்சி நிற்பது பதினோரு மரம். பழைய இலையெல்லாம் கொட்டி, நுனியில் செம்பு நிறத் தளிர். மரத்தடி முழுக்க வெளிர்மஞ்சளில் சதைப்பிடிப்பான பூ. இலுப்பை ராத்திரியில்தான் பூ உதிர்க்கும், விடிந்தால் ஆடு வந்துவிடும். மடியில் பொறுக்கிக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர், "உள்ள இருக்குற நார உருவிட்டுத் தின்னுப்பு" என்று ஒன்றை நீட்டினார். முதலில் கனமான ஒரு வாடை, அப்புறம் நல்ல தித்திப்பு. 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்பதை ஏதோ வேறு வழியில்லாதவர்களைப் பற்றிய பேச்சு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கரும்பாலை இல்லாத ஊரில் நிஜமாகவே இதுதான் இனிப்பு.

அப்பத்தா வீட்டில் காயவைத்த பூ உலர்திராட்சை மாதிரி சுருங்கிப் பழுப்பேறியிருந்தது. வெறும் சட்டியில் வறுத்து, வறுத்த எள்ளோடு உரலில் இடித்து உருண்டை பிடித்துக் கொடுத்தார். வெல்லமே சேர்க்கவில்லை, தேவையும் இல்லை. உடம்பு தேறாதவர்களுக்குப் பூவைப் பாலில் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பார்களாம்.

கொட்டையைச் செக்கில் ஆட்டினால் எண்ணெய், நெய் மாதிரி உறையும். கோயில் விளக்குக்கு, மூட்டுவலிக்குத் தேய்க்க, அந்தக் காலத்தில் தாளிக்கவும் அதுதான். புண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்தால் நுரைக்கும், அதிலுள்ள சப்போனின் என்கிற நுரைக்கும் பொருள் செய்யும் வேலை. அதே சப்போனின் மீனுக்கு விஷம், புண்ணாக்கைத் தண்ணீரில் கலக்கி மீன் பிடித்த காலமும் உண்டு. பட்டைக் கஷாயத்தைக் கொப்பளித்தால் ஈறில் ரத்தம் கசிவது நிற்கும் என்றார். மரமும் இரும்பு மாதிரி, மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்குடம் கடைந்தது இதில்தான்.

இவ்வளவும் தருகிற மரத்தடியில் இப்போது கொட்டை பொறுக்க ஆளில்லை, ஆட்டித்தர பக்கத்தில் செக்கும் இல்லை என்று அவர் சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை. ஆனியில் சாக்கோடு வருகிறேன், எங்கே செக்கு இருந்தாலும் கொண்டுபோய் ஆட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"வாப்பு. பழத்த வவ்வா தின்னுட்டுக் கொட்டையக் கீழ போட்டுரும். குனிஞ்சு பொறுக்குறதுதான் உன் வேல."