பாகம் எண், வரிசை எண், பெயர்

இரவு பதினொன்றேகால் மணி இருக்கும். காய்கறி மார்க்கெட்டின் பின்சந்தில், ஷட்டர் இறக்கிய பாத்திரக் கடைத் திண்ணைக்கு எதிரே நானும் எங்கள் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர் அம்மாவும் நின்றுகொண்டிருந்தோம். பகலெல்லாம் அங்கன்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மாலையில் வீடு வீடாகப் படிவம் கொடுத்துவிட்டு, இந்த வேலைக்கும் வந்திருந்தார் அவர். கையில் ஒரே ஒரு படிவம் 6, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் மனு. முகவரிக் கட்டத்தில் அவருடைய உருண்டையான கையெழுத்தில், ‘பாத்திரக் கடைத் திண்ணை, மார்க்கெட் பின்சந்து’ என்று இருந்தது.

வீடில்லாதவர்கள் வாக்காளராகப் பதிய முகவரிச் சான்று எதுவும் காட்ட வேண்டியதில்லை. அவர் சொல்கிற இடத்தில்தான் இரவில் படுக்கிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி பார்த்தால் போதாது, மறுபடியும் போக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் விதி அது. முதன்முதலாக அதைப் படித்தபோது, அரசாங்க விதிகளில் இவ்வளவு கனிவான ஒன்று இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன்.

பாட்டி பகலில் கருவேப்பிலை, கொத்தமல்லி விற்பவர். சாக்கை விரித்துக்கொண்டே எங்களைப் பார்த்து, “பஸ்ஸ விட்டுட்டீங்களா கண்ணு?” என்றார்.

“உங்களப் பாக்கத்தான் வந்தோம் பாட்டி. ஓட்டுக்கு எழுதிக் குடுத்தீங்கல்ல?”

பாட்டியின் முகம் மாறிவிட்டது. சாக்கைச் சுருட்ட ஆரம்பித்தார். “இங்க படுக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா சாமி?”

இங்கே படுத்திருப்பதுதான் அவருக்கு ஓட்டு வாங்கித் தரப்போகிறது என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. மறுநாள் ராத்திரி போனபோது இன்னொரு சாக்கை உதறி, நாங்கள் உட்கார விரித்து வைத்திருந்தார்.

வருவாய்த் துறையில் என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் தேர்தல் பிரிவில்தான் கழிந்தது. உதவியாளராக உள்ளே போனேன், தேர்தல் துணை வட்டாட்சியராக வெளியே வந்தேன். ‘எலக்‌ஷன் இல்லாதப்ப என்ன சார் வேலை?’ என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 68,000-க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள், 6.2 கோடிக்கும் அதிகமான வாக்காளர்கள். அந்த 6.2 கோடியில் தினமும் யாரோ ஒருவர் இறக்கிறார், வீடு மாறுகிறார், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறார், பதினெட்டு வயதைத் தொடுகிறார். தேர்தல் பிரிவு என்பது அதை விடாமல் துரத்திக்கொண்டே இருக்கிற ஓர் அறை. இரும்பு பீரோக்கள், கட்டுக் கட்டாகப் படிவம் 6, 7, 8. சேர்க்க 6, நீக்க 7, திருத்த 8.

இந்த வேலையில் என்னை மாற்றிய நாள் 2011 ஏப்ரல் 13. அந்தச் சட்டமன்றத் தேர்தலின்போது வேறொரு மாவட்டத்தில் இருந்தேன், ஊர்ப்பெயர் வேண்டாம். மண்டல அலுவலராகச் சாவடிகளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஓர் அம்மா வரிசையில் நின்று உள்ளே வந்துவிட்டார், கையில் அடையாள அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை, வெளியே போக மறுக்கிறார்.

நான் போனபோது பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த பருத்திச் சேலை, ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். பட்டியலைப் புரட்டினேன். அவர் பெயரின் மேல் ‘நீக்கப்பட்டது’ என்று குறுக்கே அச்சாகியிருந்தது. அதே தெருவில் அதே பெயரில் ஒரு மூதாட்டி முந்தின வருடம் இறந்திருக்கிறார். இறப்பு நீக்கத்தை வேறொரு வரிசை எண்ணில் ஏற்றிவிட்டார்கள். இறந்தவர் பெயர் பட்டியலில் இருந்தது. இருப்பவர் பெயர் இல்லை.

“நான் உசுரோடதானே சார் இருக்கேன்? நீங்களே பாருங்க” என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒருவர் பெயரில் வேறு யாராவது ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட டெண்டர் ஓட்டு என்று வாக்குச்சீட்டு கொடுக்க வழியுண்டு. பட்டியலிலேயே பெயர் இல்லாவிட்டால் எந்த வழியும் இல்லை. வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் மூடிவிடும். அதற்குப் பிறகு தேர்தல் முடியும்வரை மாவட்ட ஆட்சியரே நினைத்தாலும் ஒரு பெயரைச் சேர்க்க முடியாது. சட்டம் அப்படி இருப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கடைசி நேரத்தில் கூட்டம் கூட்டமாகப் பெயர் ஏற்றுவதைத் தடுக்க வேறு வழியில்லை. ஆனால் அந்தக் காரணத்தை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டியலின் அந்தப் பாகத்துக்கான சரிபார்ப்பு அறிக்கையில் இருந்த கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது.

அன்று மாலை வாக்குப்பதிவு முடிந்து, பெட்டிகளைச் சீல் வைத்து அனுப்பிவிட்டுத் திரும்பும்போது ஒரு விஷயம் உறுத்தியது. அந்த வருடம் அதே ஊரில் விழிப்புணர்வுப் பேரணி நடத்தியிருந்தோம். ‘தவறாமல் வாக்களிப்போம்’ என்று பிள்ளைகள் கோஷம் போட்டுக்கொண்டு அந்த அம்மாவின் தெரு வழியாகத்தான் போனார்கள். அதைக் கேட்டுத்தான் காலையிலேயே குளித்துவிட்டு வந்து வரிசையில் நின்றிருப்பார். உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை.

அதிலிருந்து ‘ஸ்வீப்’ நிகழ்ச்சி என்றால் நான் கொஞ்சம் பிடிவாதக்காரனாகிவிட்டேன். வாக்காளர் விழிப்புணர்வுக்கு ஆணையம் வைத்த பெயர் அது. கோலப்போட்டி, மனிதச் சங்கிலி, மாரத்தான், ராட்சத பலூன் எல்லாம் அதில் நடக்கும். நடக்கட்டும்; ஊர் கவனிக்கும். ஆனால் கோலம் போட்டுவிட்டுப் போகிற பெண்ணின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். 1950-இல் அந்தத் தேதியில்தான் தேர்தல் ஆணையம் அமைந்தது, குடியரசு தினத்துக்கு ஒரு நாள் முன்பு. 2011-இலிருந்து கொண்டாடுகிறோம். கல்லூரிகளில் உறுதிமொழி எடுப்பார்கள், பிறகு யாராவது உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசுவார்கள். பராந்தகன் காலத்துக் குடவோலை முறை நம் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கல்வெட்டு, குடத்தில் போடும் ஓலையில் பெயர் ஏற வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் பாத்திரக் கடைத் திண்ணைப் பாட்டியின் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான், இன்றைக்குக் கையில் இருக்கிற ஓட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளைகளுக்குப் புரிகிறது.

உறுதிமொழி முடிந்ததும் மேடையை விட்டு இறங்கி, அந்தப் பகுதியின் வரைவுப் பட்டியல்களை மேசைகளில் பரப்பிவிடுவேன். செல்போனில் தேடத் தெரிந்த பிள்ளைகள்தான். இருந்தாலும் தாளில் விரல் வைத்துத் தேடச் சொல்வேன். தன் பெயரை மட்டுமல்லாமல் அம்மா, அப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா பெயரையும் தேட வேண்டும். ஒரு முறை ஒரு மாணவி, “சார், எங்க அம்மா பேரு இல்ல. அப்பா பேரு இருக்கு, அண்ணன் பேரு இருக்கு” என்று பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அன்றைக்கு அந்த மேசையிலேயே படிவம் எழுதினோம். பதினெட்டு வயது நிறைந்ததா என்று பார்க்கும் தகுதி நாள், 2022-இலிருந்து வருடத்துக்கு ஒன்று என்பது நான்காகிவிட்டது: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள். பதினேழு வயது முடிந்தவர் முன்கூட்டியே மனு கொடுக்கலாம். இந்த ஒரு மாற்றம் பல பேரணிகளுக்குச் சமம் என்பேன்.

அம்மாக்களின் பெயர் விடுபடுவது இன்று நேற்று வந்ததில்லை. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்திருந்தார்கள். பெயரில்லாமல் வாக்காளர் இல்லை என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். பி.எல்.ஓ. பயிற்சி வகுப்புகளில் இதைத் தவறாமல் சொல்வேன். வாசலில் ஆண் நின்று பதில் சொன்னாலும், “அம்மாவக் கொஞ்சம் கூப்பிடுங்க, அவங்க பேர அவங்களே சொல்லட்டும்” என்று கேட்கச் சொல்வேன். கூச்சத்தோடு உள்ளிருந்து வரும் அந்தக் குரலுக்காகக் காத்திருப்பதும் வேலைதான்.

வாக்கு இயந்திரத்தைக் கொண்டுபோய்ச் சந்தையில் வைத்துக் காட்டுவது இன்னொரு வேலை. நிஜக் கேள்விகள் வருவது அங்கேதான். “நான் ஒண்ணுல அமுக்கினா இன்னொண்ணுல விழுதாமே?” என்று கேட்பவரைக் கோபித்துக்கொள்ளும் சக ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்பவர் இந்த நாட்டின் சொந்தக்காரர், கேட்கத்தான் செய்வார். பொத்தானை அழுத்தச் சொல்லி, யாருக்குப் போட்டோம் என்று அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு விநாடி தெரிவதைப் பார்க்கச் சொல்வேன். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கட்சி முகவர்கள் முன்னிலையில் குறைந்தது ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிச் சரிபார்த்து, அதை அழித்துவிட்டு, அந்தச் சீட்டுகளைக் கருப்பு உறையில் போட்டுச் சீல் வைப்பதைச் சொல்வேன். மாலையில் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று 17சி படிவத்தில் எழுதி முகவர் கையில் நகல் கொடுப்பதையும் சொல்வேன். ஒரு பெரியவர் எல்லாம் கேட்டுவிட்டு, “காலைல அஞ்சு மணிக்கே வந்து பாக்க நம்மாளு ஒருத்தன் இருக்கணும், அதானே?” என்றார். நான் அரை மணி நேரம் சொன்னதை அவர் ஒரே வரியில் பிடித்துவிட்டார்.

எல்லா இடத்திலும் நல்ல முகம் கிடைத்துவிடாது. சாலை கேட்டுக் கருப்புக்கொடி கட்டிய ஒரு கிராமத்துக்குப் பேச்சுவார்த்தைக்குப் போனேன். “ரோடு போட்டுத் தர்றேன்னு எழுதிக் குடுங்க, மொத்த ஊரும் வந்து ஓட்டுப் போடறோம்” என்றார் ஊர்ப் பெரியவர். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது அப்படி எழுதிக் கொடுத்தால் அதுவே விதிமீறல். “அப்ப எதுக்கு வந்தீங்க?” என்று பின்னாலிருந்து ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டுப் போடாமல் இருப்பது உங்கள் விருப்பம், சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் போட விரும்புகிறவர் ஒருவரைக்கூட நீங்கள் தடுக்கக் கூடாது, அதை மட்டும் கேட்கத்தான் வந்தேன் என்றேன். மத்தியானம்வரை சாவடி காலியாகவே கிடந்தது. மூன்று மணிக்கு மேல் கொஞ்சம் பெண்கள் வந்தார்கள். ஆண்கள் கடைசிவரை வரவில்லை. நடத்தை விதி விலகிய மறுநாள் அந்த ஊரின் மனுவை நானே கொண்டுபோய் உரிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். என் பிரிவின் வேலை இல்லைதான். ஆனால் அந்த ஊரில் அரசாங்கத்தின் முகமாகப் போய் நின்றவன் நான்.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக்கு வாக்கு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறுவதைத் தேர்தலுக்குத் தேர்தல் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். குஜராத்தின் கிர் காட்டில் பனேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி வைத்தார்கள். இந்தப் படங்கள் வரும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால், பட்டியலில் பெயர் விடாமல் பார்த்துக்கொண்ட ஒரு பி.எல்.ஓ. இருப்பார். படத்தில் அவர் இருக்க மாட்டார்.

2011-இல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் வீட்டுக்கு, தேர்தல் முடிந்து பட்டியலில் தொடர் திருத்தம் தொடங்கியதும் நானே படிவம் 6 எடுத்துக்கொண்டு போனேன். முதலில் கதவு திறக்கவில்லை. இரண்டாவது முறை போனபோது மகள் திறந்தார். அம்மா உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார். படிவத்தை நானே நிரப்பிக் கையெழுத்து வாங்கினேன்.

பெயர் சேர்ந்த பிறகு துணைப் பட்டியலின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். “எல்லாத்தையும் சத்தமாப் படி” என்றார் மகளிடம். மகள் படித்தார். பாகம் எண், வரிசை எண், பெயர், கணவர் பெயர், வீட்டு எண். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். வயது வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ரெண்டு வயசு கூடப் போட்டிருக்கீங்க சார்.”

பையில் படிவம் 8 இருந்தது. எடுத்தேன்.