கிளி இறகைப் பிடுங்குகிறதா? கிளம்பும் முன் இதைக் கேளுங்கள்

"பறவை பார்ப்பீர்களா?" என்று பிராணி கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் போனேன். "எல்லாப் பிராணியும் பார்ப்போம்" என்றார்கள். போனால், பறவை பார்க்கும் டாக்டருக்கு அன்று விடுப்பாம். இருந்த டாக்டர் கூண்டை எட்டிப் பார்த்து, "மன அழுத்தம், விளையாட்டுச் சாமான் வாங்கிப் போடுங்கள்" என்றார். கட்டணம் மட்டும் முழுசு. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் கிளியை ஏற்ற முடியாது என்பதால் பிராணி டாக்ஸிக்கு அழுத காசு தனி.

அதனால், "பறவை டாக்டர் எந்தக் கிழமை வருவார்? அவரிடமே நேரம் போடுங்கள்" என்று கேளுங்கள்.

கடையில் பேன் மருந்து தெளிக்கச் சொல்வார்கள், வாங்காதீர்கள். வீட்டுக்குள் வளரும் கிளிக்குப் பேனால் இறகு போவது அபூர்வம். தலை இறகு முழுசாக இருந்து, அலகு எட்டும் மார்பும் தொடையும் மட்டும் மொட்டையானால் அது தானே பிடுங்குகிறது. தலையிலும் போனால் நோயாக இருக்கலாம், இல்லையென்றால் கூட இருக்கும் கிளியின் வேலை.

எங்கள் அப்பு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. இந்தப் பழக்கத்துக்குப் பேர்போன இனம். அடுத்த கிளினிக்கில், "கூண்டைக் கழுவாமல் அப்படியே கொண்டுவாருங்கள்" என்றார்கள். "இந்த அசிங்கத்தோடயா?" என்று அம்மாவுக்கு ஒரே கூச்சம். ஆனால் டாக்டர் முதலில் பார்த்ததே எச்சத்தைத்தான். அப்புறம் ரத்தப் பரிசோதனை: கல்லீரல், துத்தநாக நச்சு, அலகையும் இறகையும் கெடுக்கும் வைரஸ். எல்லாம் சுத்தம்.

பிறகுதான் விசாரணை. என்ன தீனி? சூரியகாந்தி விதை. ஏர்கான்? இரவெல்லாம். சத்தம்? மேல்மாடியில் தரையை உடைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. அம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் இந்த வைத்தியத்திலேயே பெரிய வேலை.

விதையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, கிளி பட்டினி கிடந்துவிடும். சமையல் தராசில் தினமும் எடை பார்த்துக்கொண்டே மெதுவாகப் பெல்லட் என்ற உருண்டைத் தீனிக்கு மாற்றினோம். கூடவே தேக்கா சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரை, கேரட், சிவப்பு மிளகாய். பறவைக்குக் காரம் தெரியாது, வைட்டமின் ஏ சத்து மட்டும் கிடைக்கும். தினமும் தண்ணீர் தெளிப்பு, 10 முதல் 12 மணி நேரம் இருட்டில் தூக்கம். அலகு எட்டாமல் தடுக்கும் கழுத்துப் பட்டை கேட்டேன். சதையைக் கடித்தால்தான் போடுவேன் என்றார்.

பிடுங்கும்போது அதட்டாதீர்கள், கவனம் கிடைக்கிறதென்று இன்னும் பிடுங்கும். எங்கள் வீட்டில் அப்புவே "ஏய்!" என்று அம்மா குரலில் அதட்டிக்கொண்டு பிடுங்குவான்.

இப்போது மார்பில் சாம்பல் தூவி வந்திருக்கிறது. தொடையில் வரவில்லை. வேர் கெட்டிருந்தால் இனி முளைக்காது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். மேல்வீட்டு வேலையும் ஒருவழியாக முடிந்தது. பக்கத்து வீட்டில் அடுத்த மாதம் தொடங்கப் போகிறார்களாம், லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.