புரோஸ்டேட்டுக்கு லேசர்: பினாங்கிலிருந்து என் அனுபவம்

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி பெரிதாகிச் சிறுநீரை அடைத்ததால் எனக்கு லேசர் ஆபரேஷன் நடந்தது தெரிந்ததிலிருந்து, கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் நண்பர்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு “வலிச்சதா?” என்று கேட்கிறார்கள். வலி பெரிதாக இல்லை. சிகிச்சையை முடிவு செய்யும் முன் என்னென்ன அளந்தார்கள், வீட்டுக்கு வந்தபின் எப்படி இருந்தது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

தைப்பூச இரதத்தோடு குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து தண்ணீர்மலை வரை நடப்பது எங்கள் குடும்ப வழக்கம். கடைசியாக நடந்தபோது, அடுத்த கழிப்பறை எங்கே என்பதிலேயே மனம் இருந்தது. அதற்கு முன் பல வருடம், சிறுநீர் எளிதாகப் போக உதவும் டாம்சுலோசின் மாத்திரை நன்றாகவே கைகொடுத்தது. இரவில் சட்டென்று எழுந்தால் மட்டும் தலை சுற்றும். (இந்த மாத்திரை எடுப்பவர்கள் கண்புரை ஆபரேஷனுக்கு முன் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண்மணியை விரிய வைப்பதில் சிக்கல் வரும்.) பிறகு ஃபினாஸ்டெரைடும் சேர்த்தார்கள். அது சுரப்பியைச் சுருக்க மாதக்கணக்கில் ஆகும். புரோஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை எண்ணையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும், அதனால் எந்த டாக்டரைப் பார்த்தாலும் இந்த மாத்திரையைச் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரைகள் போதாமல் போனபோது யூரோலஜி நிபுணரிடம் போனேன். முதலில் சிறுநீர்த் தொல்லைகள் பற்றி ஒரு கேள்வித்தாள்: மொத்தம் 35 மதிப்பெண், 20-ஓ அதற்கு மேலோ வந்தால் கடுமை. பிறகு ஒரு கருவிக்குள் சிறுநீர் கழிக்கச் சொல்லி வேகத்தைப் பார்த்தார்கள். கழித்து முடித்ததும் ஸ்கேன். சிறுநீர்ப்பையில் நிறைய மிச்சம் இருந்தது. எனக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது. அடைப்போடு வருடக்கணக்கில் முக்கி முக்கிப் போனால் சிறுநீர்ப்பையின் தசையே தளர்ந்துபோகும், அப்புறம் அடைப்பை எடுத்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம் என்றார் டாக்டர். வயசானால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

என் சுரப்பி 90 மில்லிக்கு மேல். நீராவி முறையும், சுரப்பியை இழுத்துக் கட்டும் கிளிப் முறையும் பொதுவாக 80 மில்லிக்குள் இருப்பவர்களுக்கு. சிறுநீர்க் குழாய் வழியாகச் சதையைச் சுரண்டி எடுக்கும் பழைய டியூஆர்பி முறை இன்றும் நல்ல முறைதான், ஆனால் பெரிய சுரப்பிக்கு நேரமும் ரத்தப்போக்கும் கூடும். பச்சை லேசர் சதையை ஆவியாக்கும், ரத்தம் குறைவு. ஆனால் சோதனைக்கு அனுப்பச் சதை மிஞ்சாது. ஹோல்மியம் லேசர் அடைக்கும் சதையை உள்ளிருந்தே பெயர்த்தெடுக்கும், ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து பிரிப்பதுபோல. எவ்வளவு பெரிதானாலும் செய்யலாம், எடுத்த சதை லேபுக்கும் போகும். நான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

கையெழுத்துப் போடும் முன் டாக்டர், “அங்கிள், ஆன்ட்டியும் இருக்கட்டும்” என்றார். இதற்குப் பிறகு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போவது பலருக்கு நிரந்தரம் என்றும், விறைப்பு பொதுவாகப் பாதிக்காது என்றும் மனைவி முன்னாலேயே விளக்கினார். அந்தப் பேச்சு நடந்தது எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி.

முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது. விழித்திருந்தேன். முடிந்ததும் டியூப் வழியாக உப்பு நீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். சிவப்பு ரோஸ் நிறமானதும் டியூபை எடுத்தார்கள். அதன்பின் தானாகப் போகிறதா என்று ஒவ்வொரு முறையும் அளந்தார்கள். மலாய்க்கார மிஸ்ஸி (நர்ஸ்) “மினும் ஆயேர் பாஞாக், பாக்சிக்” என்று வந்து வந்து தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

வீட்டில் முதல் சில வாரம் பொறுமை வேண்டும். எரிச்சல், அவசரம், எழுந்து நின்றாலோ இருமினாலோ கசிவு. பெரியவர்களுக்கான பேட் வைத்துக்கொண்டேன். இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே கற்றுத் தந்திருந்தார்கள். அது உண்மையாகவே உதவியது, கசிவு மெல்ல நின்றது. தெளிந்த சிறுநீர் மறுபடி சிவந்தபோது மனைவி பதறினாள். அது வரும், தண்ணீர் குடித்தால் அடங்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, அடைத்துக்கொண்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். மலம் கழிக்க முக்கக்கூடாது என்பதால் தினமும் பப்பாளி. அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, மோட்டார் சைக்கிள் எதையும் தொடவில்லை.

செலவு விஷயம்: தனியார் என்றால் லேசர் கட்டணம் உட்பட முழு மதிப்பீட்டையும் எழுத்தில் கேளுங்கள், இன்ஷூரன்ஸ் காரண்டி லெட்டரை முன்கூட்டியே பாருங்கள். வசதி இல்லாதவர்கள் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) கடிதம் வாங்கி அரசாங்க நிபுணரிடம் போகலாம். காத்திருக்க வேண்டும், எல்லா இடத்திலும் லேசர் இருக்காது. ஆனால் பரிசோதனைகளை அங்கேயே தொடங்கிவிடலாம்.

என் சதைச் சோதனையில் புற்றுநோய் இல்லை. ஆனாலும் சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளேதான் இருக்கிறது, அதில் பின்னாளில் வர வாய்ப்பு உண்டு என்பதால் பிஎஸ்ஏ பரிசோதனையைத் தொடர்கிறேன்.